தவளை கத்தும் வரை

எங்கள் மலையில் ஒரு தவளை உண்டு. ஆள் அரவம் கேட்டால் மற்றத் தவளைகளைப் போல அது தண்ணீருக்குள் பாயாது. பாறை வெடிப்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். உடம்பு தட்டையாக இருக்கும், யாரோ சப்பாத்துக் காலால் மிதித்துவிட்டுப் போனதுபோல. நிறமும் நனைந்த பாறையின் நிறம்தான். கண்ணை உருட்டினால்தான் தவளை என்றே தெரியும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் நாங்கள் பலகைத் தவக்களை என்போம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பரமநாதன் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயர் என் வாயில் நுழையாது. நுழையவும் வேண்டாம்.

இப்போதும் அதைத் தேடி மடுல்கலைக்கு ஆட்கள் வருகிறார்கள். அட்டை கடிக்காமல் முழங்கால் வரை காலுறை, கழுத்தில் கமரா. "அம்மா, அந்த ஈரப்பாறை எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். கையை நீட்டிக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். தவளை என்ன பாவம் செய்தது? அது கத்த வேண்டிய நேரத்தில் கத்தியது, அவ்வளவுதான்.

என் புருஷன் இருளப்பன். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். குறைவதற்கு இனி ஒன்றும் இல்லை, அதனால் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். மூக்கு ஒழுகுகிற காலத்திலிருந்து வாடா போடா என்று பேசிப் பழகியதால் அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு வராது. அவனுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலையை வெட்டிக் குட்டையாக்கும் அந்த வேலையில் பத்துப் பேர் ஒன்றாக நின்று வெட்டினாலும், கத்தி இறங்குகிற சத்தத்தை வைத்தே எது இருளப்பன் கத்தி என்று நான் சொல்லிவிடுவேன்.

பரமநாதனுக்கு மட்டும் 'அவர்' போட்டாக வேண்டும். படித்தவர், யாழ்ப்பாணத்தார். சனிக்கிழமை தோறும் கண்டி குட்ஷெட் ஸ்டாண்டில் பஸ் ஏறி, வத்துகாமம் வழியாக வந்து எங்கள் மலை ஏறுவார். தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு பிளாஸ்க். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் ஒரு பத்திரிகையை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து, தன் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடிப்பார். நான் தேத்தண்ணி நீட்டினால், "இல்லைப் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்" என்பார். பிளாஸ்கின் மூடி கையில் இருக்கும்போதே சொல்வார். நாடு முழுக்கக் குடிக்கிற தேத்தண்ணிக்குக் கொழுந்து பறிக்கிற கைக்கு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கத் தகுதி இல்லை போலும்.

அவரோடு பாறைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் இருளப்பன். மற்றவன் திங்கிரி பண்டா, கீழே சிங்களக் கிராமத்துக்காரன், கித்துள் மரம் ஏறிப் பதநீர் இறக்குகிறவன். மலையின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவன். என்னை 'நங்கி' என்பான், தங்கச்சி என்று அர்த்தம். எப்போது வந்தாலும் ஒரு கருப்பட்டித் துண்டு கொண்டுவந்து வைப்பான். நான் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவியும் வைப்பான். அவனை நல்லவன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். என் வயிற்றெரிச்சலும் அதுதான்.

ஈரப்பாறை தேயிலைக்கு மேலே, காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. வருஷம் முழுக்க மேலிருந்து தண்ணீர் கசிந்து கண்ணாடித் தாள் போலப் பாறையில் வழியும். நடுவில் நெடுக்காக ஒரு வெடிப்பு. பரமநாதன் அங்கே மற்ற இருவருக்கும் பாடம் நடத்துவார். ஒரு முறை நானும் விறகுக்குப் போனவள் நின்று கேட்டேன்.

"தவளை வாயை மூடினால் ஆரோ வந்திருக்கிறாங்கள் எண்டு அர்த்தம். திரும்பக் கத்தினால் ஆளில்லை. அல்லது இருக்கிறவன் கல்லு மாதிரி அசையாமல் இருக்கிறான். விளங்குதோ?"

"விளங்குதுங்க ஐயா," என்றான் இருளப்பன். அவனுக்குத் துரையிடமும், கங்காணியிடமும், கடைக்காரனிடமும் அதே 'ங்க ஐயா'தான். உப்பு போடாத சோறு மாதிரி நாக்கில் பழகிப்போயிருந்தது.

அது உண்மைதான். நாங்கள் போனதும் பாறை ஊமையாகும். அசையாமல் உட்கார்ந்தால், ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் மேலே ஒன்று 'டொக்' என்னும். கீழே ஒன்று பதில் சொல்லும். பிறகு பாறை முழுக்க டொக், டொக் என்று தட்டத் தொடங்கும். மழை மூட்டம் இருந்தால் பட்டப்பகலிலும் கத்தும். பெட்டை முட்டையை வெடிப்புக்குள் ஒட்டிவிட்டுப் போய்விடுமாம். ஆண்தான் முட்டை பொரிக்கும் வரை காவல் இருக்குமாம். அதைக் கேட்டு அன்றைக்கு இருளப்பனை நான் சும்மா விடவில்லை. "கேட்டுக்க. நீ ஒரு நாளாவது அடுப்புக்குக் காவல் இருந்திருக்கியா?"

கத்தாத தவளையைக் கத்த வைப்பதற்கு அவர்கள் தாங்களே தவளை மாதிரிக் கத்துவார்கள். இருளப்பன் நாக்கை அண்ணத்தில் வைத்துத் தட்டினால், நானே தவளை என்று ஏமாந்துபோவேன். பண்டா பரவாயில்லை. பரமநாதனுக்கு மேல்வரிசையில் கட்டுப்பல். அவர் தட்டினால் 'டொக்' வராது; காற்றுப் போன 'ட்சுக்'தான் வரும். வந்ததும் பண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவான். "மாத்தையாட தவக்களைக்குச் சளி!" என்பான், அவனுடைய உடைந்த தமிழில். மாத்தையா என்றால் ஐயா. பரமநாதன் முகம் சுருங்கும். அடுத்த சனிக்கிழமை வீட்டில் பழகிக்கொண்டு வந்து திரும்பவும் தட்டிப் பார்ப்பார். திரும்பவும் 'ட்சுக்'. பண்டா திரும்பவும் உருளுவான். எத்தனை சனிக்கிழமை அப்படிச் சிரித்திருப்பார்கள்! பரமநாதன் சிரிக்காமல் இருந்தது அவருடைய குணம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடியில், சனிக்கிழமை இல்லாத ஒரு நாளில் பரமநாதன் வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கண்டியில் அவர் தங்கியிருந்த வீட்டைத் தமிழன் வீடு என்று கொளுத்திவிட்டார்கள். பஸ்ஸில் ஏறப் பயந்து, தோட்டம் தோட்டமாகத் தேயிலைக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறார். பையும் இல்லை, பிளாஸ்கும் இல்லை. நான் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தார். இன்னொன்று கொடுத்தேன், அதையும் குடித்தார். உயிர்ப்பயம் வந்தால் எல்லார் வீட்டுத் தண்ணியும் சுத்தம்தான் என்று நினைத்தேன். ஆனாலும் பாவமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இரவு எங்கள் பாயை அவருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் படங்குச் சாக்கில் படுத்தோம்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்து ரோட்டில் லொறி வந்தது. வெளியூர் ஆட்கள். கீழ் லயத்தின் தகரக் கூரை வெடிக்கிற சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் தேயிலைக்குள் ஓடினார்கள். இருளப்பன் என் கையைப் பிடித்தான். "ஈரப்பாறைக்குப் போவோம். வாங்கய்யா," என்றான். மூட்டமும் தூறலுமாக இருந்தது. அட்டை காலில் ஏறுவதைப் பார்க்க நேரமில்லை.

வெடிப்புக்குள் ஒருக்களித்துத்தான் நுழையலாம். பரமநாதன் முதலில் நுழையப் பார்த்தார். "பொம்பளை முன்ன போகட்டுங்க ஐயா," என்றான் இருளப்பன். அவன் அவரிடம் மறுத்துப் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான். நான் உள்ளே போய் முடிகிற இடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றேன். அடுத்து பரமநாதன். வாசல் பக்கம் இருளப்பன், தலையில் காட்டுச் செடியை இழுத்துப் போட்டுக்கொண்டு. கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியது. என் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு தவளை முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தும் அது நகரவில்லை.

நாங்கள் அசையாமல் நின்றோம். பாறை மறுபடி கத்தத் தொடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சோடு எல்லாம் ஒரேயடியாக நின்றது. ஆட்கள் வந்துவிட்டார்கள்.

எனக்கு எதுவும் தெரியவில்லை, காது மட்டும்தான் இருந்தது. ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எல்லாம் சிங்களத்தில். தோட்டத்தில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் விளங்காதா?

"இதுக்குள்ளே இருப்பாங்க. எண்ணெயை ஊத்து," என்றது ஒரு கட்டைக் குரல். தகரத்தில் எண்ணெய் தளும்புகிற சத்தம் கேட்டது.

"எண்ணெயை ஏன் வீணாக்குறீங்க?" என்றது இன்னொரு குரல். பண்டா. வழி காட்டுவதற்கு அவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். "கொஞ்சம் ஒதுங்கிச் சத்தம் போடாமல் இருப்போம். இங்கே ஒரு தவளை இருக்கு. அது கத்தினால் உள்ளே ஆள் இல்லை. கத்தாவிட்டால் ஊத்துங்க."

"தவளையா சாட்சி?" என்று சிரித்தார்கள். ஆனாலும் மலை ஏறிக் களைத்தவர்கள். உட்கார்ந்தார்கள். வெற்றிலை கிழிக்கிற சத்தம் கேட்டது.

பண்டா எங்களைக் காட்டிக்கொடுக்க அதைச் சொல்லவில்லை. இருளப்பன் உள்ளே இருந்தால் தவளை கட்டாயம் கத்தும் என்று அவனுக்குத் தெரியும். மச்சானுக்கு ஒரு வழி திறந்துவிட்டான். மாரியாத்தா, கத்த வை, கத்த வை என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். அந்த முட்டைத் தவளை கண்ணை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

'டொக்.'

வாசலிலிருந்து வந்தது. எனக்குத் தெரியும், அது தவளை இல்லை. சிறிது நேரம் விட்டு இன்னொரு 'டொக்'. உயிர் போகிற பயத்திலும் நாக்குத் தடுமாறவில்லை அவனுக்கு.

"கேட்டுச்சு. எழும்புங்கடா, நேரம் போகுது," என்றது கட்டைக் குரல். தகரத்தைத் தூக்கினார்கள். ஒருவன் இறங்கவே தொடங்கிவிட்டான், கல் உருளுகிற சத்தம் கேட்டது.

அப்போது பரமநாதன் வாயைத் திறந்தார். ஏன் திறந்தார் என்று நான் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். ஒரு தவளை கத்தினால் இன்னொன்று பதில் சொல்ல வேண்டும், தனித் தவளையை யார் நம்புவார்கள் என்று படித்த மூளை கணக்குப் போட்டிருக்கும். பயத்திலும் பாடம் மறக்கவில்லை மனிசனுக்கு. நாக்கை அண்ணத்தில் வைத்துத் தட்டினார்.

'ட்சுக்.'

பண்டா சிரித்துவிட்டான்.

வேண்டுமென்று சிரிக்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சிரித்துப் பழகிய வாய். உடனே பொத்திக்கொண்டான் போல, பாதியில் நின்றது. ஆனால் பாதிச் சிரிப்பு எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

"ஏன் சிரிச்சாய்?"

"சும்மா."

கன்னத்தில் அறை விழுந்தது. "ஏன் சிரிச்சாய்?"

"தவளைக்குச் சளி," என்றான் பண்டா. அழுகுரலில் சொன்னான்.

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. கட்டைக் குரல் வெடிப்புக்குப் பக்கத்தில் வந்தது. "சளி பிடிச்ச தவளை வெளியே வா. இல்லாவிட்டால் உள்ளேயே வேகு." மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

பரமநாதன் இருளப்பனின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. அந்த இடுக்கில் மூச்சு விட்டாலே கேட்கும். "நீ போ. உனக்குச் சிங்களம் நல்லா வரும். வெளியிலை பண்டா நிக்கிறான், உனக்காகப் பேசுவான். என்னைக் கண்டால் விடமாட்டாங்கள். ஒராள் போனால் போதும்."

கத்தியது இவர், போக வேண்டியது அவன். ஒரு அடி விழுந்தால் திருப்பி அடிக்கிற ரோசமாவது என் புருஷனுக்கு இருந்திருக்கக் கூடாதா? முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"சரிங்க ஐயா," என்றான் இருளப்பன்.

போவதற்கு முன் பரமநாதனின் கால்களுக்கிடையே கையை நீட்டி என் கணுக்காலைப் பிடித்தான். "சத்தம் போடாத. தவக்கள கத்துற வரைக்கும் அசையாத," என்றான். கை சில்லென்று இருந்தது. பிறகு கை இல்லை.

வெளியே அவன் கும்பிட்டிருப்பான். "நான் மட்டும்தான் மாத்தையா, தனியாகத்தான் ஒளிஞ்சேன்," என்று சிங்களத்தில் சொன்னான்.

"உள்ளே வேறு யார்?" என்று பண்டாவைக் கேட்டார்கள்.

பண்டாவுக்கு எல்லாம் தெரியும். அந்த 'ட்சுக்' யாருடையது என்றும் தெரியும். "யாருமில்லை. இவன் ஒருத்தன்தான் தவளை மாதிரிக் கத்துவான்," என்றான்.

"அப்படியா? கத்திக் காட்டு."

இருளப்பன் கத்தினான். 'டொக்.' கை தட்டினார்கள்.

"இது நல்லாயிருக்கே. சிரிப்பு வந்ததே, அந்த மாதிரிக் கத்து."

பிறகு என் புருஷன், நாக்கு அவ்வளவு சுத்தமான என் புருஷன், பரமநாதனைப் போலக் கத்தினான். 'ட்சுக்.' கட்டுப்பல் இல்லாமலே அப்படியே செய்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தடவை என்றார்கள். செய்தான். குந்தியிருந்து பாய்ந்துகொண்டு கத்து என்றார்கள். அதையும் செய்தான். பாறையில் அவன் உள்ளங்கை பட்பட்டென்று விழுந்தது. பண்டாவின் சிரிப்பை மட்டும் காணவில்லை.

நான் கத்திவிடப் போனேன். வாயைத் திறப்பதற்குள் பரமநாதனின் கை வந்து பொத்தியது. கடித்தேன். தோல் கிழிந்து ரத்தம் நாக்கில் பட்டது. கை எடுபடவில்லை.

பிறகு கவ்வாத்துக் கத்தி இறங்குகிற சத்தம். லயத்தில் எந்த வீட்டிலிருந்தோ எடுத்து வந்திருப்பார்கள். எனக்குத் தெரியாத சத்தமா? ஆனால் அது அவன் கையால் இறங்கவில்லை. வேலை தெரியாதவன் வெட்டுகிற மாதிரி, தாறுமாறாக இறங்கியது.

அவர்கள் போனார்கள். பண்டா பின்னால் இழுபட்டுப் போகிற சத்தமும் கேட்டது. எண்ணெய்த் தகரம் கல்லில் மோதி மோதிக் கீழே தேய்ந்தது. பாறை ஊமையாக இருந்தது.

அந்த ஊமைக்குள் இருளப்பன் முனகினான். ஒரு தடவை. எனக்கு உயிர் வந்தது. முனகுகிறவன் பிழைப்பான். துணியைக் கிழித்துக் கட்டினால், முதுகில் போட்டுக்கொண்டு துரை பங்களா வரை இறங்கினால், பிழைப்பான்.

"விடுங்க, நான் போறேன்," என்று அவர் கைக்குள்ளேயே உளறினேன்.

"பேசாமல் இரும் பிள்ளை," என்று அவர் காதுக்குள் சொன்னார். வழியை விட்டு அரை அங்குலம் நகரவில்லை. "அவன் சொல்லிப்போட்டுத்தானே போனவன், தவளை கத்துமட்டும் அசையக்கூடாது எண்டு. ஆரும் ஒளிச்சு நிண்டு பாப்பாங்கள்."

என் புருஷன் சொன்ன வார்த்தையை வைத்தே என்னைக் கட்டிப்போட்டார்.

இன்னொரு முனகல். கல்லில் விரல் பிராண்டுகிற சத்தம். தவளைகள் வாயைத் திறக்கவில்லை. வெளியே ஓர் உயிர் அசைகிறது, அதனால்தான் திறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சற்று முன்னால் கத்து, கத்து என்று கும்பிட்டவள் நான். இப்போது கத்தாதே, கத்தாதே என்று கும்பிட்டேன். மாரியாத்தா, இந்தப் பாறை விடிய விடிய ஊமையாக இருக்கட்டும். ஒரு தவளைகூட வாயைத் திறக்கக் கூடாது. இந்தச் சனியன்களின் நாக்கு அழுகிப் போகட்டும்.

பிராண்டல் நின்றது. தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரம் போயிருக்கும்.

'டொக்.'

வாசலுக்கு நேரே வெளியே இருந்து வந்தது, அவன் விழுந்து கிடந்த இடத்திலிருந்து. அவனா என்று ஒரு நிமிஷம் என் பாழும் மனசு துள்ளியது. மேலே ஒன்று பதில் சொன்னது. கீழே ஒன்று. பிறகு பாறை முழுக்கத் தட்டத் தொடங்கியது. கடைசியில் என் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்த காவல்காரனும் கத்தினான்.

பரமநாதன் நீளமாக மூச்சு விட்டார். என் வாயிலிருந்து கையை எடுத்தார். "கத்துது," என்றார். "இனிப் பயமில்லைப் பிள்ளை. வெளியிலை ஆளில்லை."

ஆளில்லை. அது எனக்கு அவருக்கு முன்னாலேயே தெரியும்.

அவர்தான் முதலில் வெளியே போனார். ஒரு காலை எடுத்துப் பாறையில் வைத்ததுதான், தவளைகள் எல்லாம் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. பரமநாதனுக்காக மூடின. அவர் காலடியில் கிடந்த என் புருஷனுக்காக ஒன்றுகூட மூடவில்லை.